கூட்டாத மரத்தடி

கொக்கோ மரத்தடியை நான் கூட்டுவதில்லை. யாரையும் கூட்ட விடுவதும் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் வீட்டைச் சுற்றிக் குப்பை போட்டு வைத்திருக்கிறாள் என்று ஊருக்குள் பேச்சு. பேசட்டும். அந்தக் குப்பைக்காக நான் மாமியோடு சண்டை போட்டிருக்கிறேன், கணவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன், அரசாங்க உத்தியோகத்தர் முன்னால் நின்று வாதாடியிருக்கிறேன். இன்னொரு முறை போடச் சொன்னாலும் அதே சண்டையைப் போடுவேன்.

மாத்தளையில் இருந்து பல்லேபொல போகிற பாதையில், ஒரு பழைய கொக்கோத் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றபோது நாங்கள் வாங்கிய காணி இது. என் குடும்பமும் சரி, அவர் குடும்பமும் சரி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே வரிசை அறைகளில் வளர்ந்தவை. சொந்தமாக ஒரு பிடி மண் வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். கணவர் தம்புள்ளைச் சந்தையில் இருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறார். அவருடைய அம்மா, என் மாமி, எங்களோடு இருக்கிறார். காணியோடு சேர்ந்து வரிசையாகக் கொக்கோ மரங்களும் எங்களுக்கு வந்தன. வீடு கட்ட வந்த மேசன் எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொன்னார். நான்தான் விடவில்லை.

நிழலுக்கும் அழகுக்கும் ஆசைப்பட்டு நான் அவற்றை வைத்திருக்கவில்லை. மாமி இளம் வயதில் இதே மாதிரி ஒரு தோட்டத்தில் கொக்கோ பிடுங்கியவர். ஒருநாள் பசி தாங்காமல் ஒரு காயை உடைத்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சியிருக்கிறார். கங்காணி கண்டுவிட்டார். அன்றைக்கு மாமிக்குப் பேர் இல்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததற்கான சம்பளம். பேரை வெட்டிவிட்டால் விடிந்ததிலிருந்து மலை ஏறி இறங்கியதெல்லாம் வீண். மாமி இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கொக்கோவை வாயில் வைத்ததே இல்லை. சொந்தக் காணியில் காய்த்ததைக்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். இந்த மரங்களை எவன் வந்து கேட்டாலும் வெட்டக் கொடுப்பதில்லை என்று அந்தக் கதையை முதலில் கேட்ட அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

வந்த புதிதில் மரங்கள் நன்றாகக் காய்த்தன. அடிமரத்திலும் கிளையிலும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு வருசத்துக்கு வருசம் குறைந்தது. பூவுக்கு மட்டும் குறைவில்லை. சித்திரை மழை விழுந்தவுடன் மரப்பட்டையில் சின்னச் சின்னதாக வெள்ளைப் பூ பொங்கும். இரண்டொரு நாளில் பொலபொலவென்று உதிர்ந்து மண்ணில் கிடக்கும். மாமி அதையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்.

மாமிக்கு விடியும்போதே கையில் விளக்குமாறு வேண்டும். வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துவிட்டு மரத்தடிக்கு இறங்குவார். ஒரு சருகு கிடக்கக்கூடாது. கூட்டியதை மூலையில் குவித்துப் பின்நேரம் கொளுத்துவார். இதை வெறும் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். லயத்து ஆட்கள் குப்பைக்குள் கிடப்பவர்கள் என்று டவுனில் சொல்வதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு லயத்துக்கே ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு கழிவுநீர்க் கானும் கொடுத்து வைத்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது வேறு கதை. அதனால் எங்கள் வீட்டு வாசல்கள் அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருக்கும். சருகோடு அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் கூட்டித் தள்ளுகிறோம். நானும் அப்படித்தான் கூட்டினேன்.

கணவர் தன் பங்குக்கு ஒன்று செய்தார். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு கொடியைக் கண்டாராம். இடைக்கிடை மஞ்சள் பூ. சிங்களத்தில் அருணாதேவி என்று பெயர். அங்கிருந்த ஆளிடம் கேட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, போஞ்சி மூட்டைக்கு மேலே வைத்துக் கொண்டு வந்துவிட்டார்.

"புல்லு வெட்டத் தேவயில்ல, தானா படரும். பாக்குறவங்களுக்கு பங்களா மாதிரி இருக்கும்" என்றார்.

படர்ந்தது. கணு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர் விட்டது. பாதைப் பக்கம் இருந்த வல்லாரை காணாமல் போனது. தானாக முளைக்கும் கீரை போனது. விழுந்த கொக்கோக் கொட்டையில் இருந்து எழும்பும் கன்றுகள் போயின. கடைசியில் பாதைப் பக்கம் முழுக்க அருணாதேவி, வீட்டுப் பக்கம் முழுக்க மாமியின் விளக்குமாறு. நடுவில் என் மரங்கள் பூத்துப் பூத்து உதிர்த்துக்கொண்டிருந்தன. வீதியால் போகிறவர்கள் எங்கள் காணியின் அழகைப் பார்த்து மெச்சினார்கள்.

ஒரு வருசம் ஒரு காய்கூட இல்லை. கணவர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூக்குது, காய்க்குதில்ல. சும்மா நிக்கிற மரத்த வச்சி என்னா செய்ய? வெட்டிட்டு சீமெந்து போட்டா லொறிய உள்ளுக்கு நிப்பாட்டலாம்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பாதையோரம் நின்ற லொறியில் இருந்து யாரோ பட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த தீபாவளிக்குள் காய் காட்டாவிட்டால் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிடுவது என்று முடிவானது. நானும் சரி என்றேன். ஆனால் அந்தச் சரி தவணைக்கு மட்டும்தான். வெட்டுவதற்கு நான் சரி சொல்லவில்லை.

அடுத்த சித்திரையில் பூ பொங்கிய கிழமை, வகுப்பில் மகரந்தச் சேர்க்கை பாடம். ஒவ்வொரு வருசமும் எடுக்கிற பாடம்தான். எல்லாப் பூவுக்கும் எல்லாப் பூச்சியும் வராது, எந்தப் பூவின் கதவை எந்தப் பூச்சி திறக்குமோ அதுதான் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கே சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கொக்கோப் பூவைக் கிள்ளிக் கைவில்லையால் பெரிதாக்கிப் பார்த்தேன். மகரந்தத்தை மூடிக்கொண்டு ஒரு சின்னக் குல்லாய். தேனீ தலையை நுழைக்க முடியாது, வண்ணத்துப்பூச்சியும் முடியாது. தேடிப் படித்தேன். குண்டூசித் தலையைவிடச் சின்ன ஓர் ஈதான் உள்ளே நுழைந்து வருகிறதாம். அந்த ஈயின் குஞ்சு எங்கே வளருகிறது என்றால், ஈரமாக மக்கிக் கிடக்கும் சருகில், அழுகும் கொக்கோக் கோதில், வெட்டிப் போட்ட வாழை மரத்தில்.

நிமிர்ந்து காணியைப் பார்த்தேன். இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரிக் கூட்டிய மண். அந்தப் பக்கம் கம்பளம். கொக்கோ இலை அருணாதேவிக்கு மேலே விழுந்து, மண்ணைத் தொடாமலே காய்ந்து சுருண்டு கிடந்தது. கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, வர வேண்டியவர்களின் வீட்டை ஒவ்வொரு பின்நேரமும் நாங்களே கொளுத்திக்கொண்டிருந்தோம். வந்த புதிதில் ஏன் காய்த்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தோட்டம் கைவிடப்பட்டுக் கிடந்த காலத்தில் குவிந்த சருகு அது. அதைத்தான் நாங்கள் சுத்தம் செய்து முடித்திருந்தோம்.

சனிக்கிழமை காலை அருணாதேவியில் கை வைத்தேன். இழுத்தால் வரும், ஆனால் ஒரு கணு மண்ணில் மிஞ்சினாலும் மறு கிழமை திரும்பவும் தலை நீட்டும். பிடுங்கியதை மண்ணில் போடாமல் தகரத்தில் பரப்பி வெயிலில் கருக்கினேன். கணவர் லொறியை விட்டு இறங்கி வந்து பார்த்தார்.

"நான் நட்டதயா பிடுங்குற?"

"ஆமாங்க."

"அது என்னா பாவம் செஞ்சிச்சி?"

"பக்கத்துல ஒண்ணயும் வாழ விடல."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணி வேண்டும் என்றால்கூட மாமியிடம் சொல்லி அனுப்பினார். நானும் மாமியிடம் கொடுத்து அனுப்பினேன்.

அந்த நாட்களில்தான் வகுப்பில் ஆக்கிரமிப்பு இனங்கள் பற்றிப் படிப்பித்தேன். வெளிநாட்டில் இருந்து வரும் செடிக்கு, அதன் சொந்த நாட்டில் அதைத் தின்கிற பூச்சியும் அரிக்கிற நோயும் நெருக்கிப் பிடிக்கிற அயல் செடிகளும் இருந்திருக்கும், அதெல்லாம் இல்லாமல் தனியாக வந்து இறங்கினால் சில செடிகளுக்குத் தலைகால் தெரியாது என்று விளக்கினேன். என் கையில் அருணாதேவியின் பால் பட்டுக் கறுத்த கறை இருந்தது. ஒரு மாணவி எழும்பினாள்.

"டீச்சர், அப்ப நம்மளும் இந்தியாவுல இருந்து வந்தவங்கதானே? நம்மளயும் அப்பிடித்தானே சொல்றாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள்மேல் இல்லை, அவள் காதில் அதைப் போட்டவர்கள்மேல்.

"வந்தது ஒரு குத்தமே இல்ல. கொக்கோவும் கடல் தாண்டி வந்ததுதான், மிளகாயும் வந்ததுதான். மிளகாய் இல்லாம இங்க யாரு சம்பல் இடிக்கிறா? வந்த எடத்துல பக்கத்துல உள்ளத வாழ விடுதா இல்லயான்னுதான் பாக்கணும். நம்ம ஆளுங்க வந்து எத்தன பேருக்கு சோறு போட்டிருக்காங்கன்னு நீயே நெனச்சிப் பாரு. செடிக்கு சொல்ற வார்த்தய மனுசனுக்கு சொல்ல யாராவது வந்தா, விஞ்ஞானம் படிச்சிட்டு வரச் சொல்லு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் சண்டை அவ்வளவு லேசாக இல்லை. வெற்று மண்ணில் வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினேன். சருகைத் திரும்ப அள்ளிக் கொட்டினேன். மேலே மிளகும் ஏலமும் வளர்க்கும் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் கொக்கோ உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே வீசியிருந்த கோதில் நோய் பிடித்து அழுகியதைக் கழித்துவிட்டு நல்லதை மூட்டை கட்டினேன். ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வழி நெடுகச் சிரித்தார்.

"எல்லாரும் குப்பைய வெளிய அனுப்புவாங்க டீச்சர். நீங்க வாடக கொடுத்து வீட்டுக்கு கூட்டிட்டுப் போறீங்க."

மாமி மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் வந்தால்தான் என்னை டீச்சரம்மா என்பார்.

"ஏன் டீச்சரம்மா, கொசு வளக்கப் போறியா?"

"ஆமா மாமி, கொசு மாதிரி ஒண்ணுதான். ஆனா இது கடிக்காது. இது வந்தாத்தான் காய் வரும்."

"காய் வருதோ இல்லியோ, பேச்சு வரும்."

வாசல் உங்களுக்கு, மரத்தடி எனக்கு என்று பிரித்துக் கொடுத்தேன். தலையாட்டினார். நான் பாடசாலைக்குப் போனதும் மரத்தடியையும் கூட்டி, சருகைக் கொளுத்தி, ஒன்றும் தெரியாதவர் போல வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் நெருப்புப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போகத் தொடங்கினேன். அவர் சாமி விளக்கேற்ற நெருப்பில்லை என்று அயலில் போய்க் கேட்டார். அப்படிப் போனது பெரிய ஆக்கினையாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அம்மா இருக்கிறார், நோனா என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெசாக் பண்டிகைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவார், நாங்கள் பொங்கலுக்குக் கொடுப்போம். ஆனால் அன்றைக்கு எங்கள் மரத்தடியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் இருந்த யாரிடமோ சிங்களத்தில் சொன்னது நெருப்பு கேட்கப் போன மாமியின் காதில் விழுந்தது. லயத்துப் பழக்கம் போகாது என்றார். மாமிக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். நான் பாடசாலை விட்டு வந்தபோது குசினியில் உட்கார்ந்திருந்தார். பகல் சோற்றைத் தொடவில்லை. நோனா சொன்னதைச் சொன்னார்.

"இதுக்குத்தான் கூட்டுனேன்" என்றார்.

அன்றைக்கு நான் ஆடிப்போனேன். ஒரு மனுசி ஆயுள் முழுக்கக் கூட்டிச் சேர்த்த மரியாதையை நான் வாழை மட்டை போட்டு மூடுகிறேனோ என்று அழுகை வந்தது. விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கும் போனேன். அங்கே நின்றபோது அழுகை போய் ஆத்திரம் வந்தது. அவர்கள் ஒரு சொல் சொல்வார்கள் என்று பயந்து நாங்கள் எங்கள் மரத்தையே பட்டினி போட வேண்டுமா? எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சொல் போகவில்லையே. கூட்டியும் இதே பேச்சு, கூட்டாவிட்டாலும் இதே பேச்சு. அப்படியென்றால் காயாவது மிஞ்சட்டும். விளக்குமாற்றைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

ஒரு கிழமை போகவில்லை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மஹத்தயா, வாசலில் வந்து நின்றார். டெங்கு காலம். அவர் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் பாடசாலையிலேயே பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். முறைப்பாடு வந்திருக்கிறது, இதையெல்லாம் இன்றைக்கே அள்ள வேண்டும், இல்லாவிட்டால் வழக்குத்தான் என்று சிங்களத்தில் சொன்னார். நானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன்.

"டெங்கு பரப்பும் நுளம்புக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். என் குப்பையில் தேங்கிய தண்ணீர் இருந்தால் காட்டுங்கள், நானே அள்ளுகிறேன். இல்லாவிட்டால் ஒரு சருகையும் தொட விடமாட்டேன்."

கோது ஒவ்வொன்றையும் சின்னத் துண்டாக வெட்டிக் கவிழ்த்துத்தான் போட்டிருந்தேன். அவர் தடியால் கிளறினார், குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார், வாழைத் துண்டைப் புரட்டினார். ஈரம் இருந்தது, மண்புழு இருந்தது, தண்ணீர் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது வாசல் கேட்டருகில் நின்றுவிட்டார். அங்கே கணவர் அழகுக்கு வைத்த சீமெந்துத் தொட்டி இருந்தது. அதில் ஒரு அல்லி. மாமி தினமும் வெளிப்பக்கம் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் தொட்டி. டோர்ச் வெளிச்சத்தில் புழுப் புழுவாக நுளம்புக் குடம்பிகள் துள்ளின.

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார். பின்நேரம் கணவர் வந்து தொட்டியைக் கவிழ்த்தார். மாமி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா இருந்த எடத்துலதான் புழு இருந்திச்சி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் வாசலைக் கூட்டி முடித்து, சருகை முறத்தில் அள்ளி, மூலைக்குப் போகாமல் மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினார். நான் ஜன்னலால் பார்த்தேன். அன்றைக்கு நெருப்புப் பெட்டியைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன்.

வைகாசி மழைக்கு மரங்கள் திரும்பவும் பூத்தன. அதில் வந்த பிஞ்சுகளை முதலில் கண்டது நான் இல்லை, கணவர். லொறியைக் கழுவிவிட்டு வந்து, மாமியிடம் சொல்லி அனுப்பாமல், நேரே என்னிடம் வந்து சொன்னார்.

"இந்தா, பாதப் பக்கத்து மரத்துல விரல் அளவுக்கு என்னமோ தொங்குது."

ஓடினேன். ஒன்று இல்லை, மரத்துக்கு மரம் பச்சைப் பிஞ்சு. கொஞ்சம் கறுத்து உதிர்ந்தது, மிச்சம் நின்றது. ஆவணி, புரட்டாதி என்று பருத்தது. காய் நிறம் மாறத் தொடங்கியதும் வாசனை பிடித்து மலை அணில் வந்தது, அதன் பின்னால் குரங்குக் கூட்டம் வந்தது. அதுவரை எங்கள் சுத்தமான காணிப் பக்கம் தலை வைத்துப் படுக்காத குரங்குகள். தீபாவளிக்கு மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட இருந்த மனுசன், தீபாவளிக்கு வாங்கிய வெடியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் காவல் நின்றார்.

"எம் மரத்துல கை வைக்கிறியா நீ?" என்று குரங்கோடு வாய்ச்சண்டை வேறு. எம் மரம் என்றதைக் கேட்டு உள்ளே நின்று சிரித்தேன். லொறி பாதையில்தான் நிற்கிறது. பட்டரியைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்.

தீபாவளி அன்று காலை, நன்றாகப் பழுத்த ஒரு காயை முறுக்கிப் பறித்து மாமியிடம் கொடுத்தேன். வழக்கம்போலத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டியபடி நின்றேன். தரவில்லை. புதுச் சேலையோடு வெளிப்படியில், பாதைக்கு முகம் காட்டி உட்கார்ந்தார். காயைப் படியில் ஓங்கித் தட்டினார். பிளந்தது. வெள்ளைச் சதையோடு ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் கேட்கிற மாதிரி உறிஞ்சினார். வேலிக்கு அந்தப் பக்கம் நோனா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமி முந்தானையால் மறைக்கவில்லை. அடுத்த கொட்டையை எடுத்தார், அதற்கு அடுத்ததையும் எடுத்தார். சாறு முழங்கையால் வழிந்தது.

"இன்னைக்கி எம் பேர எவன் வெட்டுறான்னு பாப்பம்" என்றார்.

பிறகு கத்தி கேட்டார். கோதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மரத்தடியில் போட்டார்.